வாளுக்கு மூங்கில் காணும், காலுக்கு?

"முதல்ல வாளை வாங்குவம், சப்பாத்தைப் பிறகு பாப்பம்."

இதைச் சொன்ன அண்ணா நல்ல மனிசன். ஊருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பவர். ஆனாலும் அவர் சொன்னது பிழை. அதை ஏன் பிழை என்கிறேன் என்று எழுதாமல் விட்டால், இன்னும் ரெண்டு பிள்ளையள் கால் உளுக்கிக் கொண்டு வீட்டில் இருப்பினம்.

2021 ஆடி மாதம், கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, ஸ்கந்தபுரத்தில் எங்கட வீட்டு முன்விறாந்தையில் இருந்து போனில் ஒரு போட்டி பார்த்தேன். சென்னைப் பெண் பவானி தேவி, ரோக்கியோ ஒலிம்பிக்கில் சேபர் வாளோடு நிற்கிறார். ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர். துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். ரெண்டு வருசம் கழித்து சீனாவின் வூஷியில் நடந்த ஆசியப் போட்டியில், ஜப்பானின் உலகச் சம்பியன் மிசாகி எமுராவையே வென்று வெண்கலம் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய காலத்தில் வாள் போதாமல் மூங்கில் தடியில் பழகியவர் அவர். அந்தக் கதையை நாங்கள் எல்லாரும் ஷெயார் பண்ணினோம். நானும்தான்.

கம்பஸ் வந்த பிறகு, கொழும்பில் கொஞ்சக்காலம் வாள்வீச்சுப் பழகிய பெடியன் ஒருவன் எங்கட பட்சில் இருப்பது தெரிந்தது. போன மார்கழி விடுமுறையில் அவனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். பொதுநோக்கு மண்டபத்தின் சீமெந்து நிலத்தில் சோக்கால் ஒரு கோடு. மூங்கில் தடி வெட்டி, அளவாக அரம் போட்டு எடுத்தோம். முகமூடி இல்லாதபடியால் ஒருவரை ஒருவர் தொடவே விடவில்லை. கால் வேலை மட்டும்தான். பதினொரு பிள்ளையள் வந்தார்கள், ஏழு பேர் பொம்பிளைப் பிள்ளையள். ஒருத்தி என்ர சித்தியின் மகள், பத்தாம் ஆண்டு, பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருக்கிறவள்.

மூன்றாம் நாள் அவள் விழுந்தாள்.

காலில் இருந்தது வெளிநாட்டில் இருந்து பொதியாக வந்த ரன்னிங் சப்பாத்து. நல்ல பெயர் போட்டது, பார்க்கப் புதுசு மாதிரி. அளவு 40. அவளுடைய கால் 37. முன்னுக்குப் பேப்பர் அடைத்திருந்தாள். பின்னால் ரெண்டு அடி வைத்து, திரும்ப முன்னுக்குப் பாயும்போது குதி சப்பாத்துக்குள்ளேயே வழுக்கிப் பக்கமாகப் புரண்டது. எலும்பு உடையவில்லை, தசைநார் இழுபட்டிருக்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தை மாதம் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அவள் கூடாரத்துக்குள் இருந்து கைதட்டினாள்.

பிறகு ஊரில் சொன்னார்கள் பாருங்கோ. "பிள்ளைக்குக் கால்ப் பலம் காணாது." "வெறுங்காலோட விட்டிருந்தா ஒண்டும் வந்திருக்காது." கடைசியில் அந்த வாள் வசனம்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாள்வீச்சில் ஓட்டம் என்று ஒன்று இல்லை. களம் 14 மீற்றர் நீளம், ஒன்றரை முதல் ரெண்டு மீற்றர் அகலம். ஒரு ஒடுங்கின பாதை. அதில் முன்கால் எதிராளியைப் பார்த்தபடி இருக்கும், பின்கால் அதற்குச் செங்கோணமாகப் பக்கம் பார்த்தபடி இருக்கும். சேபரில் முன்னேறும்போது காலைக் காலுக்குக் குறுக்கே போடவே கூடாது, அது விதி. பாயும்போது முன்காலின் குதிதான் முதலில் நிலத்தில் இறங்கும், முழு உடம்புப் பாரத்தோடு. பின்கால் தன் உட்பக்க விளிம்பால் நிலத்தைத் தள்ளும், சிலவேளை உரசிக்கொண்டே இழுபடும். ஒரு பயிற்சியில் இது நூற்றுக்கணக்கான தரம் நடக்கும். ஆகவே ரெண்டு சப்பாத்தும் ஒரே மாதிரித் தேயாது. வலக்கைக்காரருக்கு வலது சப்பாத்தில் குதி தேயும், இடது சப்பாத்தில் பெருவிரல் பக்கம் உட்புறம் தேயும்.

இப்ப ரன்னிங் சப்பாத்தை எடுத்துப் பாருங்கோ. நேராக முன்னுக்கு ஓடுகிறவனுக்காகச் செய்தது அது. குதிக்குக் கீழே தடித்த மெத்தை. குதி உயர்ந்து, முன்பக்கம் பதிந்திருக்கும். அந்த உயரத்தில் நின்றுகொண்டு பக்கவாட்டில் தள்ளினால் கணுக்கால் புரளாமல் என்ன செய்யும்? மெத்தை அமுங்க அமுங்க நிலம் எங்கே என்று காலுக்குத் தெரியாது. மேல்பக்கம் வலைத்துணி, பக்கவாட்டில் காலைப் பிடித்து வைக்க அதற்குள் ஒன்றும் இல்லை. ஓட்டத்துக்கு அது நல்ல சப்பாத்துத்தான். ஆனால் வேறு வேலைக்குச் செய்தது. நெல்லு வெட்டுகிற கத்தியால் விறகு கொத்தினால் கத்தியில் பிழையா, கொத்தினவனில் பிழையா? எங்கட விசயத்தில் கொத்தினது நாங்கள். அதையும் சொல்லத்தான் வேணும். அவளுடைய காலைக் குனிந்து பார்க்காமல் "பாய்" என்று சொன்னது நான்தான்.

வாள்வீச்சுக்கென்று தனிச் சப்பாத்து இருக்கிறது. அடிடாஸ், நைக்கி, அசிக்ஸ் எல்லாம் செய்திருக்கினம். தட்டையான மெல்லிய அடி, அடி படுவதைத் தாங்குகிற மாதிரிப் பின்னுக்கு வளைத்து எடுத்த குதி, பின்கால் உரசுகிற உட்பக்கத்தில் தடித்த தோல் அல்லது றப்பர். அதைக் கிளிநொச்சியில் தேடி அலையச் சொல்லவில்லை. உலகம் முழுக்கத் தொடக்கக்காரர்கள் பட்மின்டன், கரப்பந்து, ஸ்குவாஷ் மாதிரி உள்ளரங்க விளையாட்டுச் சப்பாத்தோடுதான் தொடங்குகிறார்கள். அந்த விளையாட்டுகளிலும் கால் பக்கவாட்டில் தள்ளும், சட்டென்று நிற்கும். அடியில் தேன் நிறத்தில் மிருதுவான றப்பர் இருக்கும், சீமெந்திலும் பலகையிலும் பிடிக்கும்.

கடையில் அதைக் கண்டால் இலேசில் வாங்க வேண்டாம். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. குதியின் ரெண்டு பக்கத்தையும் விரலால் அமத்திப் பாருங்கோ, மடங்கினால் வேண்டாம். முன்னையும் பின்னையும் பிடித்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கோ, சுலபமாக முறுகினால் வேண்டாம். பின்னேரத்தில் போங்கோ, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், விளையாடும்போதும் அப்பிடித்தான் இருக்கும். வாள்வீச்சில் முழங்கால் வரைக்கும் நீட்டுச் சொக்ஸ் போடவேணும், அதே தடிப்பில் ஒரு சொக்ஸோடுதான் போட்டுப் பார்க்கவேணும். பிறகு கடைக்குள்ளேயே ஒரு பாய்ச்சல் பாயுங்கோ. வெட்கப்படாதேங்கோ. பாய்ந்து நிற்கும்போது குதி உள்ளுக்குள் எழும்பக் கூடாது, விரல் நுனி முன்னுக்கு இடிக்கக் கூடாது. இந்த ரெண்டும் சரி என்றால் நிறம் என்னவாக இருந்தால் என்ன.

இங்கே எங்கட வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேணும். எங்களுக்குச் சப்பாத்து எப்பிடி வந்தது? அம்மா ஈர்க்கை எடுத்து, குதியில் இருந்து பெருவிரல் வரைக்கும் அளந்து, முறித்து, மணிபேர்சுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவா. கடையில் அந்த ஈர்க்கைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்து, "வளருற கால்" என்று ரெண்டு அளவு கூட்டி வாங்கிக் கொண்டு வருவா. முதல் வருசம் பஞ்சு அடைத்துப் போடுவோம், ரெண்டாம் வருசம் சரியாக இருக்கும், மூன்றாம் வருசம் விரல் மடங்கும். அந்த ஈர்க்கை நான் பகிடி பண்ணவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்தபடி என்ர கால் அளந்த ஈர்க்கு அது. ஆனால் ஈர்க்கு நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. பிறந்ததில் இருந்து வெறுங்காலோடும் பாட்டாவோடும் திரிகிற எங்கட பிள்ளையளுடைய கால் முன்னுக்கு அகன்றது. நீளம் சரியான ஒடுங்கின சப்பாத்து அந்தக் காலைக் கடிக்கும். கடிக்குது என்று பெரிசாக எடுத்தால் குதி வழுக்கும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக இது சமாளிக்கலாம். பாய முடியாது.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு இதில் இன்னொரு வில்லங்கம். எங்களுக்கு வந்த பொதியில் முக்கால்வாசி ஆம்பிளைகளின் அளவு. கடைக்குப் போனால் எங்களுக்கு எடுத்துக் காட்டுவது ரோசா நிறத்தில் மினுங்குகிற ஒன்று, அடியில் பிடிப்பே இல்லாதது. சின்னப் பெடியன்களின் பகுதியில் தேடினால் சிலவேளை நல்ல பட்மின்டன் சப்பாத்து அகப்படும். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இனி வெறுங்கால்.

முகப்புத்தகத்தில் வருசா வருசம் தமிழ்ப் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு ஓடி வென்ற படம் வரும். கீழே ஆயிரம் பேர் "சாதிக்கச் சப்பாத்துத் தேவையில்லை" என்று எழுதுவினம். அப்பிடி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் தங்கட பிள்ளையை வெறுங்காலோடு ஓட விடுவினம்? எதியோப்பியாவின் அபேபே பிக்கிலாவை உதாரணம் காட்டுவது ஒரு வழக்கம். 1960 ரோம் ஒலிம்பிக் மரதன், வெறுங்கால், தங்கம். உண்மை. அவருக்குக் கொடுக்க இருந்த சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தாததால்தான் அவர் வெறுங்காலோடு ஓடினார் என்பதும் உண்மை. பொருந்தாத சப்பாத்தை விட வெறுங்கால் மேல் என்பதுதான் அங்கே நடந்தது. நாலு வருசம் கழித்து ரோக்கியோவில் அதே மனிதர் சப்பாத்துப் போட்டு ஓடினார், குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைதான் இருக்கும். திரும்பவும் தங்கம். ரோமில் 2 மணி 15 நிமிடம் 16 செக்கன், ரோக்கியோவில் 2 மணி 12 நிமிடம் 11 செக்கன். இந்த ரெண்டாம் பாதியை ஒருத்தரும் ஷெயார் பண்ணுறேல்லை. ஏழைப் பிள்ளை ஏழையாகவே வெல்லுறதுதான் பார்க்க வடிவு போல.

சிலம்பம் வெறுங்காலோடுதானே என்று கேட்பவர்களுக்கு: ஓம், அது மண்ணில் ஆடுகிறது. காலடி வட்டமாகப் போகும், மண் கொஞ்சம் இடம் கொடுக்கும், பாதம் சுழலும். வாள்வீச்சில் காலடி கோடாகப் போகும், நிலம் பலகை அல்லது உலோகம், எங்களுக்குச் சீமெந்து. வெறுங்குதியைச் சீமெந்தில் நூறு தரம் அடித்துப் பாருங்கோ, அடுத்த நாள் காலமை கட்டிலால் இறங்கும்போது பதில் கிடைக்கும்.

"சோத்துக்கே திண்டாடுற இடத்தில உது பணக்கார விளையாட்டு" என்றும் ஒரு குரல். வாளும் கம்பியும் மின்சார உடுப்பும் சேர்ந்தால் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குரல் பந்துக்கும் துடுப்புக்கும் கேட்பதில்லை. கிரிக்கெட் மட்டைக்குக் காசு சேர்க்கும்போது சோறு ஞாபகம் வருவதில்லை.

இப்ப அண்ணாவின் வாளுக்கு வருகிறேன். அவர் ஏன் வாளை முதலில் வாங்கச் சொல்கிறார் என்று எனக்கு விளங்குது. வாள் படத்தில் நல்லாக விழும். காசு அனுப்புகிறவருக்குக் காட்டலாம், கையளிப்பு நிகழ்வு வைக்கலாம். பதினொரு பிள்ளையளுடைய பதினொரு அளவுச் சப்பாத்தை மேடையில் கையளிக்க வடிவாக இருக்காது. ஆனால் தொடக்கத்தில் முதல் மாதங்கள் முழுக்கக் கால் வேலைதான். அந்த மாதங்களுக்கு மூங்கில் தடி காணும், பவானி தேவிக்குக் கண்டது. சப்பாத்துக்கு அப்பிடி ஒரு மூங்கில் இல்லை. பேப்பர் அடைத்த 40-ஆம் அளவு மூங்கில் இல்லை, அது பொறி. அதனால் முதலில் சப்பாத்து. பிறகு, ஒருவரை ஒருவர் தொட விடுவதற்கு முதல், முகமூடியும் அங்கியும். வாள் கடைசியில் வரட்டும்.

வெளிநாட்டில் இருந்து பொதி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுப்பாதேங்கோ என்று சொல்லவில்லை. அனுப்ப முதல் கேளுங்கோ: என்ன விளையாட்டு, எந்தக் கால், எத்தனை அகலம். பாவித்த சப்பாத்து என்றால் அடியைத் திருப்பி ஒருக்கால் பாருங்கோ. ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்த குதி போடுகிறவரையும் அதே பக்கம் சாய்க்கும். உங்கட பிள்ளைக்கு அதைப் போடுவீங்களா?

கம்பஸில் நாங்கள் ஆறு பேர் சேர்த்த காசு நாலு சோடிக்குக் காணும். அடுத்த சனிக்கிழமை கிளிநொச்சிக்குப் போகிறோம், பின்னேரம்தான், நீட்டுச் சொக்ஸோடு. மிச்ச ஏழு பேருக்கு என்ன செய்யிறது என்று இன்னும் தெரியாது. இப்போதைக்கு மாறி மாறிப் போடலாம், ஒரே அளவு உள்ளவர்களாகப் பார்த்து. அண்ணாவும் வாறாராம், வான் தாறன் என்று சொன்னார்.

தங்கச்சியை ஒரு கொப்பித் தாளில் ஏற்றி நிறுத்தி, ரெண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து வைத்திருக்கிறேன். உளுக்கின கால் இப்ப சுகம். வரையும்போதுதான் பார்த்தோம், வலது கால் இடதை விட ஒரு நகக்கண் அளவு பெரிசு. பத்தாம் ஆண்டு மட்டும் இது அவளுக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது.