மலைக்கும் சாதி உண்டோ?



முதலாண்டு சேர்ந்த முதல் வாரம். பக்கத்து பெஞ்ச் மாணவன் கேட்டான்: "எந்த ஊருப்பா?" சொன்னேன். "சரி... ஊரா, காலனியா?"

என் மார்க்கைக் கேட்கவில்லை. ஏன் மெக்கானிகல் எடுத்தாய் என்றும் கேட்கவில்லை. ஒரு நொடி எனக்கு வார்த்தை வரவில்லை. அவனுக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர்கள் யாரோ, எனக்குக் கூசக் கற்றுக் கொடுத்தவர்களும் அவர்களே!

எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், யார் எதிரில் எழுந்து நிற்க வேண்டும்... இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பள்ளிக்கூடம் போகும் முன்பே படித்து முடித்துவிடுகிறோம். இதைத்தான் அறிஞர்கள் சமூகமயமாதல் என்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ரால்ஃப் லிண்டன் 1936ல் அந்தஸ்தை இரண்டாகப் பிரித்தார். பிறப்பால் ஒட்டிக்கொள்வது ஒன்று. முயற்சியால் அடைவது மற்றொன்று. நம் நாட்டில் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடுகிறது!

நம்ம செஞ்சிக் கோட்டையையே பாருங்களேன். உயர்ந்த மலைக்குப் பெயர் ராஜகிரி. சின்னக் குன்று ஒன்றுக்குப் பெயர் சக்கிலிதுர்க்கம். கல்லுக்கென்ன சாதி? பெயர் வைத்தவன் மனிதன்தானே!

அதே மனிதன் வேறு மாதிரியும் பெயர் வைத்திருக்கிறான். தேசிங்குராஜன் பிறப்பால் புந்தேலா ராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங் மொகலாயரின் கோட்டைத் தலைவர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்கோ, தேசிங்கு உரிமையில்லாமல் கோட்டையில் உட்கார்ந்த வாலிபர். 1714ல் போரில் மாண்டார். ஆனால் நம் ஜனங்கள் வேற்று மொழிக்காரர் என்று தள்ளவில்லை. 'ராஜா' என்று கதைப்பாடல் கட்டினார்கள். உயிர் கொடுத்த முஸ்லிம் நண்பன் மகபத்கானையும் சேர்த்தே பாடினார்கள். செய்கையைப் பார்த்துப் பெயர் கொடுக்கவும் நமக்குத் தெரியும்!

நம் மாவட்டம் 1993ல் பிறந்தபோது ஒரு தலைவரின் பெயரோடு சாதிப் பட்டத்தையும் சுமந்தது. 1997ல் வெறும் விழுப்புரம் மாவட்டம் ஆனது. பலகை மாறியது. "ஊரா, காலனியா?" மட்டும் மாறவில்லை.

அதை மாற்றும் இடம் எது? நம்ம ஒர்க்‌ஷாப்தான். காக்கிச் சட்டை போட்டு லேத் முன்னால் நின்றால், ஜாப் அளவுக்கு வந்திருக்கிறதா என்று மட்டுமே வெர்னியர் சொல்லும். கடைந்தவன் யார் மகன் என்று அதற்குத் தெரியாது.

அன்று கேட்டானே, அந்த நண்பன் போன மாதம் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் அம்மாவும் அதையே கேட்டார்: "தம்பி எந்தப் பக்கம்?" நான் வாய் திறக்கும் முன் அவன் சொன்னான்: "எனக்கு லேத் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன்மா இவன்." அம்மா ஒரு கணம் பார்த்தார். பிறகு, "உட்காருப்பா, சாப்பிடு" என்றார்.

மூன்று வருஷத்தில் நான் வாங்கிய பெரிய சர்டிபிகேட் அதுதான்.

நண்பர்களே, அடுத்த வருஷம் ஜூனியர்கள் வருவார்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை