லேப்டாப்பில் ஒரு கோட்டை!

ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஆகணும்னு ஆசையா ஃப்ரெண்ட்ஸ்? மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈ.சி.ஆர்-ல வடக்கே வாங்க. கடப்பாக்கம் கடலோரத்துல ஆலம்பரைக் கோட்டை! 1760-ல ஆங்கிலேயர் பிடிச்சு இடிச்சாங்க. மிச்சத்தை 2004 சுனாமி பதம் பார்த்துடுச்சு.

இருக்கிறதையாவது காப்பாத்தலாமே! ஒவ்வொரு படத்துலயும் பாதிக்கு மேல அடுத்த படத்துல வர்ற மாதிரி, சுவரைச் சுத்தி கிளிக் பண்ணுங்க. டேப் வெச்சு ஒரு நீளத்தை அளந்துக்கங்க. போட்டோகிராமெட்ரி சாஃப்ட்வேர் முப்பரிமாண மாடலாக்கிடும். ஃபைலை இளைக்க வெச்சு வெப்சைட்ல ஏத்தினா, செல்போன்லயே சுத்திப் பார்க்கலாம்.

பாரீஸ் நோட்ரடாம் தேவாலயம் 2019-ல எரிஞ்சப்போ, ஆண்ட்ரூ டாலன் முன்னாடியே எடுத்து வெச்ச லேசர் ஸ்கேன் சீரமைப்புக்குக் கைகொடுத்துச்சு.

ஒண்ணே ஒண்ணு பாஸ்... இடிஞ்ச பகுதியை நீங்களா யூகிச்சுக் கட்டினா, அதுக்கு வேற கலர் கொடுத்துடுங்க. இல்லேன்னா நாளைக்கு உங்க யூகமே வரலாறாகிடும்!