ரத்தத்துல ஊறினதில்ல, தோழரே

போன மாசம் எங்க வாசகர் வட்டத்துல ஒரு இசைத்தட்டைப் போட்டுக் கேட்டோம். பேரு 'சூப்பர் ஏப்'. 1976-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் உருவாகி, ஐலண்ட் கம்பெனி மூலமா லண்டனில் வெளிவந்தது. செஞ்சவர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி. குழுவின் பேரு தி அப்செட்டர்ஸ். மொத்தம் பத்துப் பாட்டு.

கேட்டு முடிச்சதும் ரெண்டு தீர்ப்பு வந்தது. தோழர் ஒருத்தர் சொன்னார்: "பாதி நேரம் வார்த்தையே இல்ல. இதுல அரசியல் எங்க இருக்கு?" கல்லூரியில பாடம் நடத்துற இன்னொருத்தர் சொன்னார்: "இந்தக் கறுப்பர்களுக்குத் தாளம் ரத்தத்துலயே ஊறினது. அந்தாளு அரைப் பைத்தியம் வேற. பைத்தியத்துக்கு இப்படித்தான் வரும்." அன்னைக்கு நான் வாயைத் திறக்கலை. இப்போ திறக்கிறேன்.

முதல்ல இந்த ரத்தக் கதையை முடிச்சுடுவோம். இதை நான் ஜமைக்காக்காரனைப் பத்தி மட்டும் கேட்டதில்ல. எம்.ஏ. தமிழ் படிச்சப்போ ஒரு கருத்தரங்கத்துல பறையைப் பத்தி இதே வார்த்தையைக் கேட்டேன். "அவங்களுக்கு ரத்தத்துல ஊறினது சார்." எங்க சித்தப்பா பறையடிச்சவர். வைக்கோலைக் கொளுத்தி, தோலை எவ்வளவு தூரத்துல பிடிக்கணும், எவ்வளவு நேரம் காய்ச்சணும், மழைக்காலத்துல எப்படி, வெயில் காலத்துல எப்படி என்று பத்து வயசிலிருந்து அடி வாங்கிக் கத்துக்கிட்டவர். சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடின்னு பிரிச்சுக் கையில ஏத்த வருஷக்கணக்கா ஆச்சு. மேடையில உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு இருந்தா அது சாதகம், பயிற்சி, குருகுலம். சித்தப்பாவுக்கு இருந்தா ரத்தம். அறிவுன்னு ஒத்துக்கிட்டா மரியாதை கொடுக்கணும், கூலியும் கூட்டிக் கொடுக்கணும். ரத்தம்னு சொல்லிட்டா ரெண்டும் மிச்சம்.

பெர்ரி கதையும் அதுதான். 1936-இல் ஹனோவர் மாவட்டத்தின் கெண்டல் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டு, சாலை போடுற வேலைக்குப் போனவர். கிங்ஸ்டன் வந்து காக்ஸன் டாட் என்ற தயாரிப்பாளரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். தட்டு தூக்கினார், பாடகர் பிடிச்சுக் கொடுத்தார், பாட்டு எழுதினார், பாடினார். பேரும் பணமும் மேல நின்னுச்சு, உழைப்பு கீழ நின்னுச்சு. வெளியே வந்து 1968-இல் முதலாளியைத் திட்டி ஒரு பாட்டுப் போட்டார். அதில தனக்கு வச்சுக்கிட்ட பேருதான் 'அப்செட்டர்', கவிழ்த்துப் போடுறவன். ஜோ கிப்ஸ் என்ற தயாரிப்பாளரிடமும் இருந்தார். அங்கேயும் அதே கதை. அவரையும் திட்டி அதே 1968-இல் 'பீப்பிள் ஃபன்னி பாய்' போட்டார். அந்தப் பாட்டுக்குள்ள ஒரு குழந்தையின் அழுகையைச் சேர்த்தார். கூலி கிடைக்காதவன் வீட்டுக் குழந்தை எதுக்கு அழும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

பிறகு தானே தயாரிப்பாளர் ஆனார், குழுவுக்குத் தலைவரும் ஆனார். கிட்டாரோ டிரம்ஸோ வாசிச்சுப் பேர் வாங்கினவர் இல்ல. அவர் கருவி மிக்ஸிங் போர்டு. 1973-இல் கிங்ஸ்டனின் வாஷிங்டன் கார்டன்ஸ் பகுதியில் தன் வீட்டுக் கொல்லையில் 'பிளாக் ஆர்க்', கறுப்புப் பேழை என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். பெரிய கம்பெனிகளிடம் 16 ட்ராக், 24 ட்ராக் மெஷின் இருந்த காலம் அது. இவரிடம் இருந்தது நாலு ட்ராக். நாலு ட்ராக்கும் நிறைஞ்சதும் அதைச் சுருக்கி, காலியான இடத்துல அடுத்த ஒலியைச் சேர்க்கணும். சேர்க்கச் சேர்க்க ஒலி மங்கும், டேப் இரைச்சல் கூடும். மத்தவன் அதைக் குறைன்னு சொல்வான். பெர்ரி அந்த மங்கலையும் இரைச்சலையும் பாட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டார். 'சூப்பர் ஏப்'ல கேட்கிற, தண்ணிக்குள்ளேயிருந்து எழுந்து வர்ற மாதிரியான அந்தச் சத்தம் இப்படி வந்தது. இது பைத்தியத்துக்கு வராது. கையில இருக்கிறதை வச்சு, இல்லாததைச் செய்யத் தெரிஞ்ச தொழிலாளிக்குத்தான் வரும்.

இந்த இசைக்குப் பேரு டப். நம்ம ஊர்ல பறைக்கு இன்னொரு பேரு தப்பு. ரெண்டுக்கும் சம்பந்தமில்ல, காதுக்குத் தற்செயலா ஒண்ணா விழுது. ஆனா தப்புன்னா நமக்குப் பிழைன்னும் அர்த்தம். அவன் பிழைன்னு ஒதுக்கினதைத் தூக்கி நடுவுல வைக்கிற வேலைதான் டப்.

இனி அந்தத் தோழருக்கு. வார்த்தை எங்கேன்னு கேட்டீங்க. டப் எப்படி வந்தது? ஏற்கெனவே பதிஞ்ச பாட்டிலிருந்து பாடகர் குரலை உருவி எடுத்துட்டு, டிரம்ஸையும் பாஸையும் முன்னால தள்ளி, மிச்ச ஒலிகளை எக்கோவில விட்டு விட்டுப் பிடிக்கிறது. இந்தத் தட்டிலேயே 'க்ரோக்கிங் லிஸர்ட்' என்ற பாட்டு, மேக்ஸ் ரோமியோ பாடின 'சேஸ் தி டெவில்' மேல கட்டினது. ரோமியோ குரல் போன இடத்துல பிரின்ஸ் ஜாஸ்போ பேசுறார். பாடகர் குரலை எடுத்த இடம் சும்மா கிடக்கிறதில்ல. கிங்ஸ்டன் சேரி முற்றங்களில் ஒலிபெருக்கி கட்டி நடத்தின ஆட்டங்களில், அந்த இடத்துலதான் மைக்கைப் பிடிச்சுத் தெருப்பையன் பேசினான். ரேடியோ அவனைக் கூப்பிடலை. சங்கீத சபை எதுவும் கூப்பிடலை. தட்டில் விட்ட வெற்றிடம் அவனுக்கு மேடை ஆச்சு. முழக்கம் எழுதித் தர்றது ஒரு அரசியல். பேசாதவன் பேச இடம் விடுறது அதைவிடக் கஷ்டமான அரசியல். நம்ம மேடைகள்ல எத்தனை பேர் அப்படி இடம் விட்டிருக்கோம்?

காலத்தையும் பாருங்க. 1976 ஜூனில் ஜமைக்காவில் அவசரநிலை. ரெண்டு கட்சி அடியாட்களும் துப்பாக்கியோட தெருவுல நின்ன நேரம். அந்த நேரத்துல ஒரு கறுப்பன் தன்னைப் 'பெருங்குரங்கு'ன்னு அட்டையில போட்டுக்கிறான். கறுப்பனைக் குரங்குன்னு சொல்றது வெள்ளைக்காரன் வசை. கிங்ஸ்டனில் பிறந்த ஜான் பார்ன்ஸ் இங்கிலாந்தில் கால்பந்து ஆடினப்போ, 1988-இலும் மைதானத்துல வாழைப்பழம் எறிஞ்சாங்க. அந்த வசையைப் பிடுங்கி மலை அளவுக்கு வளர்த்து, 'ஆமா, குரங்குதான், வந்துட்டேன்'னு நிக்கிறதா நான் படிக்கிறேன். நம்ம சாதிப் பேரு ஆங்கிலத்துக்குப் போய் 'பறையா'ன்னு ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கிற சொல்லாச்சு. அந்தப் பேரைத் தலைநிமிர்ந்து எழுதினவங்க நம்மிலும் இருக்காங்க. அந்தத் தட்டின் அட்டை நமக்கு அந்நியம் இல்ல.

அப்புறம் அந்தப் பைத்தியம். ஐலண்ட் கம்பெனி 'சூப்பர் ஏப்'பை எடுத்துக்கிச்சு. 1977-இல் அவர் தயாரிச்ச 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' தட்டை வெளியிடலை. 1978-இல் அவரே பாடின 'ரோஸ்ட் ஃபிஷ்' தட்டையும் வேண்டாம்னுது. அடுத்த வருஷங்கள்ல கறுப்புப் பேழை எரிஞ்சு போச்சு. நானே கொளுத்தினேன்னு பின்னால அவரே சொன்னார். 2021 ஆகஸ்ட் 29-இல் அவர் செத்தப்போ வந்த அஞ்சலிகளில் 'கிறுக்கு மேதை' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவர் நடத்தையில விசித்திரம் இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா கொல்லையில உட்கார்ந்து ராப்பகலா உழைச்சவன் எரிச்சலைக் கிறுக்குன்னு எழுதிட்டா, எரிய வச்சது எதுன்னு யாரும் கேட்க வேண்டியதில்ல.

புகழ்ந்துட்டுப் போயிடலாம். அது நம்ம வழக்கம் இல்ல. பெர்ரியும் முதலாளி ஆனவர். 1970, 71-இல் பாப் மார்லியும் வெய்லர்ஸும் அவரிடம் பதிஞ்ச பாட்டுகள் லண்டனில் ட்ரோஜன் கம்பெனி மூலம் வெளிவந்தன. எங்களுக்குச் சேர வேண்டிய பணம் வரலைன்னு வெய்லர்ஸ் குற்றம் சொன்னாங்க. வாசிச்சவனுக்கு அன்னைக்கான கூலி, டேப் தயாரிப்பாளருக்குச் சொந்தம் என்பதுதான் அங்க நடைமுறை. ஜமைக்கா தனக்கென்று புதிய காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்ததே 1993-இல்தான். அப்செட்டர்ஸ் என்ற பேரு நிலைச்சது, ஆட்கள் மாறிக்கிட்டே இருந்தாங்க. ஆரம்பத்துல அந்தக் குழுவைத் தாங்கின ஆஸ்டன், கார்ல்டன் பேரட் சகோதரர்கள் மார்லியோடு போனாங்க. 'சூப்பர் ஏப்'ல பாஸ் வாசிச்ச போரிஸ் கார்டினர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே ஒரு மேதைன்னு கதை கட்டினா அந்தக் கைகள் எல்லாம் மறைஞ்சு போகும். முதலாளியைத் திட்டிப் பாட்டுப் போட்டவனே முதலாளி நாற்காலியில உட்கார்ந்தா என்ன ஆகும் என்பதும் நமக்குப் பாடம். நம்ம இயக்கங்களுக்கும், ஏன், இந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கும்.

நான் கேட்கிறது ரெண்டு. நம்ம பிள்ளைங்க பறை கத்துக்கிறது போல மைக், மிக்ஸர், கணினின்னு ஒலிப்பதிவு வேலையும் கத்துக்கணும். நம்ம சத்தத்தை யார் பதிஞ்சாலும் வாசிச்சவன் பேரும், அவன் கூலியும் எழுத்துல இருக்கணும்.

அடுத்த மாசம் அதே தட்டைத் திரும்பப் போடுறேன். அந்த ரெண்டு பேரும் வரணும். சித்தப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். தோலை எப்படிக் காய்ச்சுறதுன்னு அவர்கிட்ட கேளுங்க, சொல்வார். ரத்தத்தைப் பத்தி மட்டும் கேட்காதீங்க.