போட்டிச் சங்கமா மாலுமியைக் கெடுத்தது?

‘ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம், போட்டிச் சங்கம் முதலாளிக்கே லாபம்.’ மே தின மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சாட்சிக்கு அமெரிக்க மாலுமிகளை இழுத்து வருகிறார்கள். இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டு, கடைசியில் கப்பலையும் பறிகொடுத்தார்களாம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தவர் யாரும் இப்படிப் பேச மாட்டார்.

1936 மார்ச்சில் சான் பெட்ரோ துறைமுகத்தில் ‘கலிஃபோர்னியா’ கப்பலின் ஊழியர்கள் கயிற்றை அவிழ்க்க மறுத்தார்கள். மேற்குக் கரைச் சம்பளம் தங்களுக்கும் வேண்டும் என்பதே கோரிக்கை. வணிக அமைச்சர் அதைக் கலகம் என்றார். அவர்களுடைய சொந்தச் சங்கமான சர்வதேச மாலுமிகள் சங்கமும் கைவிட்டது. முன்னின்ற ஜோசஃப் கரனும் தோழர்களும் வேலையிழந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாததால்தான் 1937இல் தேசியக் கடல்சார் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே ஹாரி லுண்டபெர்க் தலைமையில் எதிரணியாகக் கடலோடிகள் சர்வதேசச் சங்கம் வந்தது. பிளவு என்று இன்று பழிப்பது இதைத்தான்.

அந்தப் பிளவு என்ன செய்தது? 1946இல் லுண்டபெர்க் அணி கப்பல் முதலாளிகளிடம் பேசி வாங்கிய ஊதிய உயர்வை அரசின் ஊதிய வாரியம் ஏற்க மறுத்தது. செப்டம்பரில் துறைமுகங்கள் முடங்கின, அரசு இறங்கிவந்தது. எதிரணிக்குக் கிடைத்தது எங்களுக்கும் வேண்டும் என்று உடனே கரனின் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒரே சங்கமாக இருந்திருந்தால், முதலில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு தலைவர்கள் வீடு போயிருப்பார்கள்.

நிற வேற்றுமை கூடாது என்று விதியில் எழுதி, ஜமைக்காவில் பிறந்த கருப்பரான ஃபெர்டினாண்ட் ஸ்மித்தைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியதும் கரனின் புதுச் சங்கம்தான்.

சங்கக் கூடங்களில் வேலை பிரித்த முறையையும் பார்க்க வேண்டும். கப்பலின் பெயரும் காலியிடமும் பலகையில் ஏறும். வேண்டியவர்கள் தங்கள் பதிவு அட்டையை நீட்டுவார்கள். எவருடைய அட்டையில் தேதி பழையதோ அவருக்கே வேலை. தரகனுக்கு லஞ்சம் கொடுத்துக் கப்பலேறிய காலம் இப்படித்தான் ஒழிந்தது. ஆனால் பலகையின் பக்கத்தில் நிற்பவர் நேர்மையாக இல்லாவிட்டால்? அதற்குப் பதில் கனடாவில் இருக்கிறது.

அங்கே மாலுமிகளுக்குச் சொந்தமாகக் கனடா மாலுமிகள் சங்கம் இருந்தது. கம்யூனிஸ்டுகள் நடத்துகிறார்கள் என்று காரணம் சொல்லி, 1949இல் அமெரிக்காவிலிருந்து லுண்டபெர்க் அணியைச் சேர்ந்த ஹால் பேங்க்ஸ் வரவழைக்கப்பட்டார். சிறை சென்றவர் என்பது தெரிந்தும் அரசு கண்டுகொள்ளவில்லை. கப்பல் முதலாளிகள் அவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். வேலைநிறுத்தம் முறிந்தது, பழைய சங்கம் அழிந்தது. மேடைப் பேச்சாளர்கள் விரும்பும் ‘ஒரே சங்கம்’ அங்கே வந்துவிட்டது! கேள்வி கேட்ட மாலுமி கருப்புப் பட்டியலில் ஏறினான். அப்படி ஏறியவர்கள் ஆயிரக்கணக்கானோர். வேலை கொடுப்பதும் மறுப்பதும் பேங்க்ஸின் கையில். முறையிட இன்னொரு கதவு கிடையாது. நீதிபதி நாரிஸ் விசாரித்து 1963இல் அறிக்கை தந்த பிறகுதான் அரசு சங்கத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தது. கப்பல் அதிகாரி ஒருவரைத் தாக்கச் சதி செய்த வழக்கில் தண்டனை பெற்ற பேங்க்ஸ், 1964இல் பிணையில் இருந்தபடியே அமெரிக்காவுக்கு ஓடினார். அவரைத் திருப்பி அனுப்ப அமெரிக்கா மறுத்துவிட்டது. போட்டியின் விளைவு இது என்று சொல்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள்: பேங்க்ஸ் அழைக்கப்பட்டதே போட்டியை ஒழிப்பதற்காகத்தான்.

சங்கச் சண்டையால் கப்பல்கள் போயின என்பது வெறும் பேச்சு. முதலாளிகள் மலிவான கூலியையும் வரியையும் தேடிப் பனாமா, லைபீரியா கொடிகளுக்கு மாறினார்கள்; அமெரிக்கக் கொடி பறந்த கப்பல்கள் குறைந்தன. பகைச் சங்கங்கள் இரண்டும் 2001இல் இணைந்துவிட்டன. அதன் பிறகும் கப்பல்கள் திரும்பி வரவில்லை.