தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

தோட்டத்துத் தோழர்களே! கிணற்றுத் தண்ணீர் கலங்காமல் இருந்தால், நாற்றம் இல்லாமல் இருந்தால், "நல்ல தண்ணிதான், என்ன வந்துடப் போகுது?" என்று குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் பாஷாணம் என்று சொல்கிறோமே, அந்த ஆர்செனிக்குக்குத் தண்ணீரில் நிறமும் இல்லை, வாசமும் இல்லை, ருசியும் இல்லை.

இது நமக்குப் புதிய பெயரல்ல. அந்தக் காலத்தில் பால்மரக் காடுகளில் லாலாங் புல்லைச் சாகடிக்க நம் பெரியவர்கள் அடித்த சோடியம் ஆர்சனைட், இதே விஷத்தின் ஒரு வடிவந்தான். ஆனால் மருந்தே அடிக்காத மண்ணிலும் ஆர்செனிக் இருக்கும். ஆறுகள் கொண்டுவந்து கழிமுகத்திலும் கடலோரத்திலும் படிய வைத்த வண்டலில், இரும்புத் துருவோடு அது ஒட்டிக் கிடக்கும். இலைதழை புதைந்து, காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கும். துரு கரைந்தால் விஷமும் நிலத்தடி நீரில் இறங்கிவிடும்.

வங்காளதேசத்தில் நடந்தது இதுதான். குளத்துத் தண்ணீரால் வரும் வாந்திபேதியைத் தடுக்க, 1970ஆம் ஆண்டுகளிலிருந்து இலட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஆர்செனிக் இருக்கிறதா என்று சோதிக்கவில்லை. 1993இல் உண்மை தெரிந்தபோது கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோலில் புள்ளிகள், உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பு, பல வருஷம் கழித்துப் புற்றுநோய். நமக்குப் பக்கத்தில், தென் தாய்லாந்தின் ரோன் பிபூனிலும் 1987இல் இந்த நோய் வெளிப்பட்டது. அங்கே காரணம் வெள்ளீயச் சுரங்கக் கழிவு.

"காய்ச்சிக் குடித்தால் போச்சு" என்பார்கள் சிலர். காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்செனிக் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் கெட்டிப்படும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் குடிநீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு கிராமை இலட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! அதைக் கண்ணா கண்டுபிடிக்கும்? சோதனைக் கூடந்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் கிணறுகளில் விஷம் இருக்கிறது என்று நாம் பயமுறுத்தவில்லை. சோதித்துப் பார்க்காமல் "இல்லை" என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது என்கிறோம். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. குழாய் வராத லயங்களில், முக்கியமாகக் கடலோரத் தோட்டங்களில், கிணற்று நீரை ஆர்செனிக்குக்கென்றே சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழிலும் மற்றத் தொழிலாளர் மொழிகளிலும் ஆபீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். செலவு நிர்வாகத்துடையது.

வங்காளதேசத்தில் சோதித்த கிணறுகளில் கெட்டதுக்குச் சிவப்புச் சாயம், நல்லதுக்குப் பச்சைச் சாயம் பூசினார்கள். அந்த நாட்டுத் தொழிலாளி பக்கத்து லயத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார். நம் கிணறு எந்த நிறம்? கிராணியிடம், மேனேஜரிடம், சங்கத் தலைவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!