நிகர் ஷாஜியைப் பாராட்டும் நாம் நம் மகளுக்கு என்ன தருகிறோம்?

2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா-எல்1 விண்கலம் சூரியனை ஆராய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்ற செய்தி, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என நம் ஊர்களிலும் மகிழ்ச்சியோடு பகிரப்பட்டது. 2024 ஜனவரி 6 அன்று அவ்விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இலக்கை அடைந்தபோது மீண்டும் பாராட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாராட்டுக்கு நம் வீடுகளில் என்ன பொருள் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

நிகர் ஷாஜி இஸ்ரோவில் சேர்ந்தது 1987இல். ஆதித்யா விண்ணில் ஏறியது 36 ஆண்டுகளுக்குப் பின்னர். கணிதப் பட்டதாரியாக இருந்தும் விவசாயத்தை மேற்கொண்ட தந்தை, மகளைத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படிக்க வைத்தார். பின்னர் அவர் ராஞ்சிக்கு அருகிலுள்ள மெஸ்ராவில் முதுகலைப் பொறியியல் பயின்றார். நாம் கைதட்டியது ஒரு நாளுக்கு. அந்த நாளை உருவாக்கியதோ இடைநிற்காத பல்லாண்டுப் படிப்பும் பணியும்.

நம் பகுதியில் அறுபடுவது இந்தத் தொடர்ச்சிதான். கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு அளித்த முன்னோர் நமக்கு வாய்த்தனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் தோன்றின. இன்று பெண்களுக்கெனத் தனிக் கல்லூரிகளும் உள்ளன. வேதியியலிலும் நுண்ணுயிரியலிலும் நல்ல மதிப்பெண் பெற்று நம் பெண்மக்கள் தேறுகிறார்கள். அதன்பின் எத்தனையோ வீடுகளில் பட்டச் சான்றிதழ் நிக்காஹ் அழைப்பிதழோடு சேர்த்து அலமாரியில் வைக்கப்பட்டுவிடுகிறது.

ஆராய்ச்சி என்றால் மகளைத் தொலைதூரத்துக்கு அனுப்ப வேண்டுமே என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் நம் அருகிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குப் பயின்று அங்கேயே பணியாற்றிய ககன்தீப் காங், வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கண்காணித்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை ஆராய்ந்தார். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நம் தெருக்களின் குழந்தைகளைத்தான்.

அவ்வாறே இன்னொரு பெரும் கேள்வி நம் காலடியில் கிடக்கிறது. அதன் பெயர் பாலாறு. பச்சைத் தோலைக் கெடாமல் காக்க உப்பு, பதனிட குரோமியம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் மாறி, குரோமியம் வந்தபின் தொழில் விரைந்து வளர்ந்தது; நிலத்தடி நீரும் கெட்டது. வேலூர்த் தோல் ஆலைகளின் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. உப்பைக் குறைப்பது எப்படி, குரோமியத்தை மீட்டெடுப்பது எப்படி, கெட்ட கிணற்றைத் திருத்துவது எப்படி என்பவை வேதியியலின் கேள்விகள். வீட்டுக் கிணற்று நீரின் சுவை மாறியதை முதலில் உணர்ந்தவர்கள் நம் பெண்கள். விடை தேடும் ஆய்வுக்கூடத்திலும் அவர்கள் இருக்க வேண்டாமா?

மார்க்கம் இதற்குத் தடையன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் கட்டளையே ஓதுதல் பற்றியது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்கள் ஐயம் கேட்டுத் தெளிந்தார்கள்.

திருமணமும் தடையாக வேண்டியதில்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, சென்னை மருத்துவ மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளிலிருந்துதான். அவற்றைப் பரிசோதிக்க அவர் இரவு ரயிலேறிக் காட்பாடி வந்து வேலூர் சென்றபோது உடன் வந்தவர் அவருடைய கணவர்.

ஆகவே மஹர் பேசும் சபையிலேயே மணமகளின் மேற்படிப்பையும் பேசுவோம். கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை என்பதை மணமகன் வீட்டாரும் அறிவர். ஒவ்வொரு ஜமாஅத்தும், தோல் தொழிலில் உள்ள செல்வந்தர்களும், ஆண்டுக்கு ஒரு மாணவியின் முதுகலை அல்லது முனைவர் பட்டப் படிப்புச் செலவை ஏற்கலாம். நம் தொழிலால் கெட்ட நீரைத் திருத்தும் ஆய்வுக்கு அப்பணம் செல்லுமாயின், அது தர்மமும் ஆகும். கடனைத் தீர்த்ததும் ஆகும்.

அடுத்த முறை ஒரு பெண் விஞ்ஞானியின் படத்தைப் பகிரும்போது, அருகில் அமர்ந்திருக்கும் மகளிடம் "நீ என்ன படிக்க விரும்புகிறாய்?" என்று கேட்போம். அவள் சொல்லும் விடைக்குத் துணைநிற்கும் மனத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!