கிணறும் உடலறிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப் பெயர் பெற்றதும் மாரியில் ஓடிக் கோடையில் வறள்வதே. ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் வழங்குவதைச் சுண்ணக்கற்பாறை ஏந்தி வைக்க, அதனையே ஆண்டு முழுவதும் யாம் கிணற்றின் வழியாகப் பெற்று உண்டும் குளித்தும் பயிருக்கு இறைத்தும் வாழ்கின்றோம். பள்ளிச் சிறாரும் ஒப்புவிக்கும் செய்தி இது. ஆயின், எம் முன்னோரிடம் இவ்வறிவு உடம்பின் அறிவாக இருந்தது. அஃது உடம்பை விட்டு நீங்கிய நாளில், நீரைப் பற்றிய பொறுப்பும் உடன் நீங்கிற்று என்பதே எம் கருத்து.

துலாவில் இறைத்த காலத்தை எம்முள் மூத்தோர் மறந்திரார். விடியுமுன் ஒருவரோ இருவரோ துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பர். கீழே நிற்பவர் பட்டை பிடித்து நீரை ஊற்றுவார். வேறொருவர் வாய்க்காலில் வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்புவார். மாரி ஓய்ந்து நீர்மட்டம் இறங்க இறங்க, கயிறு கூடுதலாகத் தாழ்வதைக் கையும், நடை நீள்வதைக் காலும் நாள்தோறும் உணர்ந்தன. சோழகம் வீசி ஓய்ந்த ஆவணியிலே பட்டை கலங்கல் அள்ளி வருமாயின் அன்றைய இறைப்பு அத்துடன் முடிந்தது. பங்குக் கிணறாயின், நாளைய முறைகாரருக்கு என்ன மிஞ்சும் என்பதையும் அக்கயிறே சொல்லிற்று. உடம்பு களைத்தது, கிணறும் இளைப்பாறியது.

அவ்வுழைப்பு இனிதென்று சொல்ல யாம் வரவில்லை. பனியிலும் வெயிலிலும் துலா மிதித்தவருட் பலர் பிறர் நிலத்துக்கு இறைத்தவரே. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய மண்ணெண்ணெய் இயந்திரமும், பின்னர் வந்த மின்மோட்டரும் அவர்தம் காலையும் தோளையும் விடுவித்தன. அதனைப் பழிப்பது நன்றி மறத்தலாகும். ஆனால், விசையைத் தட்டுகின்ற விரலுக்குக் கிணற்றின் ஆழம் தெரியாதன்றோ? பங்குனியிலும் புரட்டாசியிலும் குழாயின் வாயில் நீர் ஒன்றுபோலவே பாய்கின்றது.

இதன் தீங்கு சிறிதன்று. எம் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் பலரும் அறிந்ததே. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்தின் கீழ் ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. எனவே மேல்மட்டம் 1 அடி தாழின், உவர் 40 அடி மேலெழ இடமுண்டு. ஒரு பருவத்தில் மிகையாக இறைத்ததை அடுத்த பருவத்து மழை முற்றும் ஈடுசெய்யும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

உவரையேனும் நாக்கு அறிந்துவிடும். நைத்திரேற்றை அறியாது. மிகுந்த உரத்தாலும் கிணற்றை அடுத்த மலக்குழியாலும் அது கற்பாறை வெடிப்புகளின் வழியே இறங்குகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எம் தோட்டப் பகுதிகளில் அவ்வரையறையை மீறிய கிணறுகள் உளவென ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கே அது பெருந்தீங்கு செய்வது. ஆகவே உடலறிவு மட்டும் போதாது, சோதனைச்சாலையும் வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மின்னிலைய நிறுவனம் ஒன்றை இழப்பீடு செலுத்தப் பணித்தது. நன்று. எம் வளவு மோட்டரையும் மலக்குழியையும் எந்த நீதிமன்றில் யார் நிறுத்துவார்?

பருவத்தை உடம்பிலே நிறுத்தும் நாள்கள் எம்மிடம் பல உள. சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்து முழுகுகின்றோம். ஆடிப்பிறப்பிற் கூழ் காய்ச்சுகின்றோம். ஐப்பசியிற் கந்தசட்டிக்கு உபவாசம் இருக்கின்றோம். இவற்றுள் மருத்துநீர் நாளிலும், மோட்டருக்கும் சந்தனம் வைக்கும் ஆயுத பூசை நாளிலும், ஒவ்வொரு வீட்டாரும் தம் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து நாட்காட்டியில் எழுதுவாராயின், நான்கைந்து ஆண்டுகளில் ஊருக்கு ஒரு கணக்குக் கிடைக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர், பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வோரிடம் வாடகையை மட்டுமன்றி இவ்வளவையும் கேட்கலாம். மாணவர் கல்லூரி வளவுக் கிணற்றிலேயே தொடங்கலாம். அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும், நுனியில் கட்ட ஒரு கல்லும் இருந்தாற் போதும். கயிற்றைத் தாமே கையால் இறக்குதல் வேண்டும்.